லிம் அங்கிள் அனுப்பிவைத்த வீடு

கிள்ளான்,
ஞாயிறு மத்தியானம்.

அன்பு மகன் ரிஷிக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, மனதையும் கொஞ்சம் பார்த்துக்கொண்டு இருக்கிறாய் என்று நம்பித்தான் ஆரம்பிக்கிறேன். இங்கே நானும் நன்றாக இருக்கிறேன். யார் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறேன், சொல்லிச் சொல்லி அது நிஜமா பொய்யா என்று எனக்கே தெரியாமல் போய்விட்டது. பிரஷர் மாத்திரை போடுகிறேன், தையல் கடைக்குப் போகிறேன், சமைக்கிறேன், சாப்பிடுகிறேன். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவள் இப்போது எதற்குப் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தாள் என்று கேட்பாய். உன்னிடம் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது, அது போனில் வரமாட்டேன் என்கிறது. ஒவ்வொரு முறையும் சொல்லத்தான் கூப்பிடுகிறேன், உன் முகம் தெரிந்ததும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். ஆகவே எழுதி, சனிக்கிழமை அங்கே வரும் விஷ்ணுப்ரியா கையில் கொடுத்தனுப்புகிறேன். நீ எதிர்பார்க்கும் பெட்டி அவளிடம் இருக்காது, இந்தக் கவர்தான் இருக்கும். அவளைத் திட்டாதே, அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆமாம், நீ காலேஜில் அட்டையும் மரமுமாகச் செய்து, இப்போது கேட்கிற வெள்ள வீட்டு மாடல் வரவில்லை. அது இப்போது நம் வீட்டில் இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் எழுதப் போகிறேன், கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் போன் செய்.

முதலில் இங்கத்திய சமாச்சாரம். காப்பாரில் முகுந்தன் மாமா வீட்டில் எல்லாரும் சுகம். மகள் விஷ்ணுப்ரியாவுக்கு நீ இருக்கிற ஊரிலேயே நர்ஸ் வேலை கிடைத்ததில் அவனுக்குப் பெருமை தாங்கவில்லை, என் தம்பிதான் என்றாலும் சொல்கிறேன், கிள்ளானில் மீன் விற்கிறவன்வரைக்கும் சொல்லி முடித்துவிட்டான். அவளுக்கு மசாலாப் பொடியும் ஒரு சின்ன முருகன் படமும் வாங்க வேண்டும் என்று போன வாரம் என்னையும் பிரிக்பீல்ட்ஸுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். நானும் அப்பாவும் கல்யாணம் ஆகி முதலில் வாடகைக்கு இருந்த மாடி அறை இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடம் நிற்கிறதே, அதன் எதிரில் காரை நிறுத்தி மாமா, நினைவிருக்கா அக்கா என்றான். இருக்கிறது என்றேன். வேறு ஒன்றும் தோன்றவில்லை. அந்தப் பக்கம் போனால் அப்பா லோரியை மெதுவாக விட்டு, நம்ம ஜன்னல் அந்த உயரத்துல இருந்துச்சு என்று வெறும் ஆகாயத்தைக் காட்டுவார், நான் சிரிப்பேன். இந்தத் தடவை நானும் அண்ணாந்து பார்த்தேன், கழுத்து வலித்தது, அவ்வளவுதான். தையல் கடையில் பவுனம்மாள் அக்கா, அழுதுடு தங்கமணி, அழாம இருந்தா நெஞ்சுல கட்டிக்கும் என்று தினமும் சொல்கிறார். வரவில்லையே, என்ன செய்ய. தீபாவளி பிளவுஸ் ஆர்டர் குவிந்து கிடக்கிறது, கை பாட்டுக்குத் தைக்கிறது. ஒரு பிளவுஸுக்கு இரண்டு பக்கமும் இடது கையையே வைத்துத் தைத்துவிட்டேன், அக்காதான் பிரித்துக்கொடுத்தார்.

வீட்டு வாசலில் அப்பா லோரி நிறுத்துகிற இடம் அப்படியே காலியாகக் கிடக்கிறது. இந்த ரோட்டில் கார் நிறுத்த இடம் கிடைக்காமல் எப்படி அடித்துக்கொள்வார்கள் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் ஒருவரும் அங்கே நிறுத்துவதில்லை. பக்கத்து வீட்டு லிம் அங்கிள் மகன்கூட எதிர்ச்சாரியில் விட்டுவிட்டு நடந்து வருகிறான். இஞ்சின் எண்ணெய் சொட்டின கறை மட்டும் இருக்கிறது, எத்தனை மழை பெய்தும் போகவில்லை.

அப்பா போன விவரம் உனக்குத் தெரிந்ததுதான். துறைமுகத்தில் கேட்டுக்கு வெளியே லோரிகள் வரிசையாக நின்றிருந்தன, வரிசை நகர்ந்தபோது அப்பா லோரி மட்டும் நகரவில்லை, பின்னால் இருந்தவர் ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டு ஏசுவதற்காக இறங்கி வந்திருக்கிறார். ஹேண்ட்பிரேக் போட்டிருந்ததாம். அதை மாமா திரும்பத் திரும்பச் சொன்னான், அதில் என்ன ஆறுதல் கண்டானோ. நீ பாஸ்போர்ட்டை விசாவுக்குக் கொடுத்திருந்த நேரம், வர வழியில்லை. பெரியப்பா மகன் குரு சுங்கை பூலோவிலிருந்து வந்து உன் இடத்தில் நின்று எல்லாம் செய்தான், ஒரு கையில் போனைப் பிடித்து உனக்கும் காட்டிக்கொண்டே இருந்தான். அங்கே உனக்கு இன்னும் விடியக்கூட இல்லை. வண்டி கிளம்பினதும் போனும் அவனோடு சிம்பாங் லீமா சுடுகாட்டுக்குப் போய்விட்டது. ஆகவே வீட்டில் அதற்கப்புறம் நடந்தது எதையும் நீ பார்க்கவில்லை. நீ பார்த்ததெல்லாம் ஹாலில் அப்பா படுத்திருந்ததும், அவர் தலைமாட்டில் உன் மாடல் இருந்ததும்தான். அதை நீ அன்றைக்கே என்னிடம் சொன்னாய். நான் இல்லாட்டியும் நான் செஞ்ச வீடு அப்பா தலைக்கிட்ட இருந்துச்சுல்லம்மா என்றாய். நான் ஆமாம் என்றேன். அந்த நேரத்தில் அது ஏற்கனவே போய்விட்டிருந்தது.

நீ கட்டடக்கலை படிக்கக் காலேஜில் சேர்ந்த நாளிலிருந்து செய்த மாடல்களை எல்லாம் இந்த வீட்டில் அப்பாவைத் தவிர யாரும் ஆசையாகப் பார்த்ததில்லை. எனக்கு அவை தூசி சேருகிற அட்டைகள், உள்ளதைச் சொல்கிறேன். காற்று மட்டும் தங்குவதற்கு ஒரு மண்டபம் செய்தாய். வெளிச்சம் வந்து போவதற்கு ஒரு கூடம் செய்தாய், அதற்குக் கதவும் கிடையாது ஜன்னலும் கிடையாது, கூரையில் ஒரு கீறல். புத்தகமே இல்லாத நூல்நிலையம் ஒன்று, அது என்னவென்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஒவ்வொன்றையும் அப்பா சட்டைகூடக் கழற்றாமல் குனிந்து உட்கார்ந்து பார்ப்பார், ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்ப்பார், பிறகு வழக்கமான கேள்வி. இதுல யாருப்பா குடியிருக்கப் போறா? நீ, இது கான்செப்ட்பா, இதை யாரும் கட்டமாட்டாங்க, யோசனை மட்டும்தான் என்பாய். சரி சரி என்பார். அடுத்த நிமிஷம், அப்ப லோரியை எங்க நிறுத்துறது என்பார். நீ தலையில் அடித்துக்கொள்வாய். நூல்நிலையத்துக்கும் அதே கேள்விதான், காற்று மண்டபத்துக்கும் அதே கேள்விதான். உன்னை வம்புக்கு இழுக்கத்தான் கேட்கிறார் என்று நீயும் சிரித்தாய், நானும் சிரித்தேன்.

கடைசி வருஷம்தான் நீ வெள்ள வீடு செய்தாய். இந்த வீட்டுக்குள் தண்ணீர் வந்து நாம் மூன்று பேரும் மேசைமேல் உட்கார்ந்திருந்த அந்த வருஷத்தை வைத்துத்தான் யோசித்ததாகச் சொன்னாய். ஆற்றங்கரையில் நாலு தூணுக்கு நடுவில் ஒரு வீடு, தண்ணீர் ஏறினால் வீடும் தூணோடு சேர்ந்து மேலே ஏறும், வடிந்தால் இறங்கும். மெல்லிய மரத்திலும் அட்டையிலும் செய்து ஹால் முழுக்கப் பசை நாற்றம். மோட்டார் சைக்கிளில் கொண்டுபோக முடியாத அளவுக்குப் பெரிதாகிவிட்டது. அப்பா முதலாளியிடம் லீவு கேட்டு லோரியையும் கேட்டு வாங்கி, முன்சீட்டில் உன் மடியில் அதை வைத்து உனக்கும் அதற்கும் சேர்த்து பெல்ட் போட்டுவிட்டார். ஃபெடரல் ஹைவேயில் மெதுவாகப் போகிற காரைக் கண்டால் என்ன பேச்சுப் பேசுவார் என்று உனக்குத் தெரியும், அன்றைக்கு எல்லாரும் ஹார்ன் அடித்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போனார்களாம், இவர் ஓரமாக ஊர்ந்துகொண்டே போனாராம். இதை நீதான் வந்து என்னிடம் சொன்னாய். பிரசன்டேஷனில் அப்பா கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று பார்த்தார். உன் லெக்சரர், எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் இது யாருடைய வீடு, இந்த வீட்டின் மனிதர் யார் என்று கேட்டார். நீ கான்செப்டுக்கு அப்படி ஒருவர் தேவையில்லை என்று வாதாடினாய், அவர் ஒத்துக்கொள்ளவில்லை, மார்க் குறைந்தது. திரும்பி வரும்போது அப்பா பாத்து தீகாவில் நிறுத்தி உனக்குச் சுடச்சுடப் பொரித்த வாழைப்பழம், கோரெங் பிசாங், வாங்கிக்கொடுத்திருக்கிறார். பிறகு, உனக்கு வேணாம்னா இதை நான் வச்சுக்கட்டுமா என்று கேட்டாராம்.

அன்றிலிருந்து அது டீவி அலமாரிமேல் அவருடையதாக இருந்தது. பல்லி அசிங்கம் பண்ணிவிடும் என்று பிளாஸ்டிக் போட்டு மூடி வைத்தார். நீ அங்கே மேல்படிப்புக்குப் போனபிறகு பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு சின்ன பேட்டரி விளக்கு வாங்கிவந்து உள்ளே ஒட்டினார், போன தீபாவளிக்கு நாங்கள் விளக்கேற்றும்போது அதையும் போட்டுவிட்டார். வீடியோவில் உனக்குக் காட்டினோமே, சோகமா இருந்த வீட்டுல ஆள் வந்தாச்சு என்று சொல்லிச் சிரித்தாரே. நீகூட அப்பா டிசைனை மாத்திட்டாரு என்று கேலி செய்தாய்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். அப்பா போனதிலிருந்து உன்னால் ஒரு கோடு போட முடியவில்லை என்கிறாய். வகுப்புக்குப் போகவில்லை. இந்தத் தவணை தொடங்கும்போது ஒரு கான்செப்டோடு வந்தால் படிப்பைத் தொடரலாம், இல்லையென்றால் விட்டுவிடத்தான் வேண்டும் என்று உன் வாத்தியார் சொல்லிவிட்டார். முன்பு செய்ததையே எடுத்துக்கொண்டு வா, அதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றும் அவரேதான் சொன்னார். நீ உடனே அந்த மாடலைக் கேட்டாய். அது வந்தா உட்கார்ந்துடுவேன்மா, அது ஒண்ணுதான் அப்பாகிட்ட இருந்துச்சு என்றாய். நான் சரிப்பா, கட்டி வைக்கிறேன் என்றேன். அப்புறம் கட்டியாகிவிட்டது என்றேன். அட்டைப் பெட்டி கிடைத்தது, பஞ்சு வைத்தேன் என்றெல்லாம்கூடச் சொன்னேன், எப்படி வாயில் வந்ததோ. விஷ்ணுப்ரியா பெட்டி எவ்வளவு பெரிசு அத்தை, ஏர்லைன்ஸ்ல கேக்கணும் என்று வந்து நின்றபோதுதான் மாட்டிக்கொண்டேன். மாமாவிடம் மட்டும் சொன்னேன். அவன் யோசித்துவிட்டு, விமானத்துல உடைஞ்சிடுச்சுன்னு சொல்லிடலாம் அக்கா, பிரியாவை நான் பேச வைக்கிறேன் என்றான். உன் நல்லதுக்குத்தான் சொன்னான். எனக்கு அது பிடிக்கவில்லை. ஊர் பேர் தெரியாத யாரோ சாமான் தூக்குகிறவன் போட்டு உடைத்தான் என்று நீ நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

நடந்தது இதுதான். அப்பாவைக் கிடத்த இடம் வேண்டும் என்று டீவி அலமாரியைப் பின்பக்கம் தள்ளினார்கள், மாடலை வைக்க வேறு இடம் இல்லாமல் மாமாதான் தலைமாட்டில் வைத்தான். வண்டி கிளம்பினதும் ஆண்கள் எல்லாரும் போய்விட்டார்கள். பவுனம்மாள் அக்காவும் மற்றப் பெண்களும் வழக்கப்படி வீட்டைக் கழுவ ஆரம்பித்தார்கள். ஹாலில் இருந்ததை எல்லாம் தூக்கி வாசலில் வைத்தார்கள். அவர் படுத்திருந்த பாய், கடைசியாகப் போட்டிருந்த சட்டை, சிலிப்பர், இவையெல்லாம் எறிய வேண்டியவை, கேட்டுக்குப் பக்கத்தில் குவித்தார்கள். தண்ணீர் படாமல் இருக்கட்டும் என்று மாடலையும் தூக்கி அதே இடத்தில்தான் வைத்திருக்கிறார்கள். என்னைப் பின்னால் கூட்டிப்போய்த் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். ஊற்றி முடித்து முன்னால் வந்து கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். லிம் அங்கிள் ரோட்டோரத்தில் தன் தகர டிரம்மைக் கொண்டுவந்து வைத்திருந்தார். சீனர்கள் கணக்கில் ஏழாம் மாதம் வந்தால் அவர்கள் முன்னோருக்குக் காகிதம் கொளுத்துவாரே, அந்த டிரம். காலையிலிருந்து நமக்காக நாற்காலி தூக்கி, கூடாரத்துக்குக் கயிறு கட்டி, வருகிறவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்த மனிதர். அவர்கள் வழக்கத்தில் செத்தவருக்கு அங்கே குடியிருக்க வேண்டும் என்று காகித வீடு செய்து கொளுத்தி அனுப்புவார்கள் இல்லையா. காலையிலிருந்து அப்பா தலைமாட்டில் ஒரு வீடு இருப்பதைப் பார்த்திருக்கிறார். நாமும் அப்படிச் செய்வோம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அதே வீடு அப்பா துணியோடு வாசலில் கிடக்க, ஆண்கள் எல்லாரும் கிளம்பிப் போனதைப் பார்த்து, அவசரத்தில் இவர்கள் கொளுத்த மறந்துவிட்டார்கள் என்று அந்தப் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார்.

நான் வந்து நின்றபோது அவர் இன்னும் பற்றவைக்கவில்லை. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். டிரம்முக்குப் பக்கத்தில் தரையில் வீட்டை வைத்து, குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தார். போனை எடுத்துப் படம் பிடித்தார். பிறகுதான் தூக்கி உள்ளே இறக்கினார், இரண்டு கையாலும், சாமி பெட்டியை இறக்குகிற மாதிரி இறக்கினார். ஒரு சத்தம் கொடுத்திருந்தால் போதும், நிறுத்தியிருப்பார். நான் கொடுக்கவில்லை. அது நீ ராத்தூக்கம் விட்டுச் செய்தது என்று தெரியும், நீ கேட்பாய் என்றும் தெரியும், தெரிந்தது எல்லாம் தெரிந்தபடியே இருந்தது, வாய்தான் திறக்கவில்லை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முதலில் கூரை பிடித்தது. அப்புறம் தூண்கள். அப்பா ஒட்டின பேட்டரி விளக்கு டப்பென்று வெடித்தது, அங்கிள் ஒரு அடி பின்னால் நகர்ந்து கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு அப்போது ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. அப்பா அங்கே போய் எந்த வீட்டைத் தேடி வாடகைக்கு அலைவார், இது போகட்டும் என்று தோன்றியது. அது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்கவும் வரவில்லை. நீ கோபித்துக்கொண்டால் அது நியாயம்தான், கோபித்துக்கொள்.

இதை இத்தனை நாள் மறைத்தவள் இப்போது எழுதுவதற்குக் காரணம் லிம் அங்கிள்தான். இது அவர்களுக்கு ஏழாம் மாதம். வியாழக்கிழமை சாயங்காலம் பொமெலோ பழம் இரண்டு எடுத்துக்கொண்டு வந்தார். காப்பார் எஸ்டேட்டில் நம் ஆட்களோடு வளர்ந்தவர், தமிழ் நன்றாகவே பேசுவார், உனக்குத் தெரியும். இந்த வருஷம் அண்ணனுக்கு ஏதாவது அனுப்ப வேண்டுமா, என்னுடையவற்றோடு சேர்த்து அனுப்புகிறேன் என்று கேட்டார். வேண்டாம் அங்கிள், போதும் என்றேன். ஆமா, வீடு போயிடுச்சு, அதுதான் பெருசு என்றார். அப்புறம் அவர் மனதில் ரொம்ப நாளாக ஒரு சந்தேகம் இருந்ததாம், சொல்லத் தயங்கித் தயங்கிச் சொன்னார். "தங்காச்சி, பேரு எழுதலன்னா வேற ஆளு பூந்துக்கும் லா. அதான் அண்ணன் பேரை நான் கதவுல எழுதிட்டேன். அண்ணன் தமிழ் ஆளு, தமிழ்லதானே பார்ப்பாரு. சரியா எழுதினேனான்னு நீதான் பார்த்துச் சொல்லணும்" என்று போனை நீட்டினார். அவர்கள் கொளுத்துகிற வீட்டில் யாருக்குச் சேர வேண்டும் என்று பெயர் எழுதுவார்களாம். அவருக்குத் தமிழ் பேச வருமே தவிர ஒரு எழுத்தும் தெரியாது. விளக்குக் கம்பத்தில் கட்டியிருந்த அப்பாவின் இரங்கல் பேனரைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகப் படம் வரைகிற மாதிரி வரைந்திருக்கிறார். அன்றைக்குத் தரையில் குனிந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

அந்தப் படத்தைக் கடையில் பிரிண்ட் போட்டு இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். இதைப் படித்த பிறகு எடுத்துப் பார். உன் வீடு வெயிலில் ரோட்டில் நிற்கிறது, ஒரு மூலைகூட நசுங்கவில்லை. பக்கத்தில் ஒரு சிவப்புக் காகிதக் கார் நிற்கிறது. அது அங்கிள் வாங்கிவந்தது. அண்ணனுக்கு லோரிதான் கேட்டேன், கடையில் மெர்சிடிஸ்தான் இருந்தது என்று இன்னும் வருத்தப்படுகிறார். படத்தின் ஓரத்தில் கம்பிக் கதவுக்குப் பின்னால் ஈரத்தலையோடு நிற்பது நான். உன் மாடல் வீட்டுக் கதவில் கறுப்பு மார்க்கரில், எழுத்து ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக, தம்புசாமி என்று இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் மாடி அறையிலும் காப்பாரிலும் இங்கேயும் எத்தனையோ வருஷம் குடியிருந்துவிட்டோம். கரண்டு பில் வீட்டுச் சொந்தக்காரர் பெயரில் வரும், தண்ணீர் பில் சொந்தக்காரர் பெயரில் வரும், சுவரில் ஆணி அடிக்கக்கூட அவரைக் கேட்க வேண்டும். ஒரு வாசலில்கூட அப்பா பெயரை நான் பார்த்ததில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன், அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அங்கிள் பயந்துபோய், எழுத்து தப்பாயிடுச்சா தங்காச்சி என்றார். இல்லை அங்கிள், சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்றேன். பாவம், அதற்கு அப்புறமும் நான் நிறுத்தாமல் அழுவதைப் பார்த்துவிட்டு, பழத்தை உரித்து வைத்துவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து எல்லாம் பழையபடிதான், ஒன்றும் தெரியவில்லை, கை பாட்டுக்குத் தைக்கிறது. ஆனால் உன்னிடம் சொல்லலாம் என்று மட்டும் தைரியம் வந்தது.

படிப்பைப் பற்றி நான் என்ன சொல்ல. எனக்குக் காற்று மண்டபமும் புரியாது, வெளிச்சக் கூடமும் புரியாது. உன்னால் முடியவில்லை என்றால் விட்டுவிட்டு வா, இங்கே சோறு இருக்கிறது, யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள், கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். முடியும் என்று தோன்றினால் இந்தப் படத்தை எடுத்துக்கொண்டு போய் உட்கார். மாடல் எங்கே என்று உன் வாத்தியார் கேட்டால், ஆள் குடிபோய்விட்டார், இனிமேல் எடுத்து வர முடியாது என்று சொல்.

விஷ்ணுப்ரியாவிடம் பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் கொடுத்திருக்கிறேன், ஊறுகாயில் ஈரக் கரண்டி போடாதே. அந்தப் பெண் புது ஊருக்கு வருகிறாள், அவளுக்குக் கடை கண்ணி காட்டிக்கொடு, உன் துக்கத்தை அவள் தலையில் இறக்காதே. குளிர் ஆரம்பிக்கும் முன்னால் அந்தக் கிழிந்த காலணியை மாற்று. முடி வெட்டு, போனில் பார்க்கச் சகிக்கவில்லை. இன்னொன்று, முக்கியம். நாம் வீடு கொளுத்துகிற வழக்கம் இல்லை என்பது லிம் அங்கிளுக்கு இதுவரைக்கும் தெரியாது. எப்போது வந்தாலும் அவரிடம் சொல்லிவிடாதே. அப்பா கண் எங்கிருந்தாலும் உன்மேல் இருக்கும், அவர் பிள்ளை நீ, ஒரு குறையும் வராமல் நன்றாக இருப்பாய்.

உன் அம்மா,
தங்கமணி தம்புசாமி